வடமுனையில் காயாத வேப்பிலை

புன்னங்குப்பத்துக் கங்கம்மாளைப் பற்றிச் சொல்வதானால் அவள் சிரிப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகும் முதல் பஸ்ஸில் மீன் கூடையை ஏற்றக் கூடாது என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துவார். கங்கம்மாள் சிரிப்பாள். கூடை ஏறிவிடும். மறுநாளும் அவர் கத்துவார், மறுநாளும் கூடை ஏறும். கோபமும் அவளுக்கு அதே அளவு உண்டு. இரண்டும் சில சமயம் ஒரே மூச்சில் வரும். எது எப்போது வரும் என்று அவளுக்கே தெரியாது.

"எனுக்கு இன்னா கொற?" என்று மார்க்கெட்டில் கூடையை இறக்கிவிட்டுக் கேட்பாள். "புருசன் குடிக்கறதில்ல. பொண்ணக் கட்டிக் குடுத்துட்டேன், அது நல்லா கீது. ரெண்டு வேள கஞ்சிக்கு ஏரி கீது." கொஞ்ச நேரம் விட்டு, யாரும் கேட்காமலே அவளே சொல்வாள்: "ஒரே ஒரு கொற கீது."

அந்தக் குறையின் பெயர் வடமுனை.

பழவேற்காட்டு ஏரியில் மீன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. கடல் தண்ணீர் உள்ளே நுழையும் வாய்க்குப் பக்கத்தில் இருப்பது வடமுனை. ஐப்பசி முதல் தை வரை அங்கே இறால் கொட்டும். எல்லோரும் அங்கேயே ஓடினால் தினம் ஒரு மண்டை உடையும் என்பதால், ஊர் என்றைக்கோ ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. ஆடி மாதம் எல்லையம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போடுவார்கள். சேர்ந்து வலை போடும் கூட்டங்களில் எந்தக் கூட்டத்துக்கு வடமுனை விழுகிறதோ, அந்த வருஷம் அது அவர்களுடையது. ஒரு முறை விழுந்தவர்கள், மற்ற கூட்டங்களுக்கெல்லாம் விழுந்து தீரும்வரை மறுபடி அந்தச் சீட்டில் கலந்துகொள்ள முடியாது. இதற்குப் பாடு என்று பெயர். பங்காளிகள் சொத்துக்கு வெட்டிக்கொள்ளும் நாட்டில் இவ்வளவு பெரிய தண்ணீரைச் சண்டை இல்லாமல் பங்கிட்டுக்கொண்டார்களே, அதைச் சும்மா சொல்லக் கூடாது.

கங்கம்மாள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அவள் மாமனார் கூட்டத்துக்கு விழுந்த வருஷம் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்த வருஷத்தின் பேச்சு மட்டும் வீட்டில் பாக்கி இருந்தது. வடமுனை விழுந்த வீட்டுப் பெண் கரையில் நின்று, முதல் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊர் நடுவே நடப்பாளாம். மற்றப் பெண்கள் அவள் வாசலுக்கு வந்து வாங்கிப் போவார்களாம். அவள் வைத்ததுதான் விலையாம். மாமியார் இதைச் சொல்லச் சொல்லக் கங்கம்மாளுக்கு வயிறு எரியும். "பந்தி முடிஞ்சப்பறம் எல எடுக்க வந்தவ நானு" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் வருஷம் ஆடியில் அவள் புருஷன் லோகநாதனின் கூட்டத்துக்கு வடமுனை விழுந்தது. கோயில் வாசலில் அவள் போட்ட குலவையில் காகங்கள் பறந்துவிட்டன. லோகநாதன் அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் அன்றைக்கு வாயெல்லாம் பல். தலை நரைத்துவிட்டது, அடுத்த சுற்று வருவதற்குள் வலை இழுக்கும் வயது தாண்டிவிடும். இந்த முறையை விட்டால் வேறு முறை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஆவணியில் ஒரு சர்க்கார் ஆபீசு, எந்த ஆபீசு என்று இப்போது கிளற வேண்டாம், வடமுனையில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விட்டுவிட்டது. எடுத்தவர் பொன்னேரிக்குப் பக்கத்திலிருக்கும் ஆரணி வியாபாரி பூவராகவன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ரோடு வந்தது, ரோட்டோடு ஐஸ் வேன் வந்தது, நம் ஏரி இறால் கப்பலேறிச் சீமைக்குப் போகத் தொடங்கியது. பூவராகவன் அந்த வேன்களின் சொந்தக்காரர்.

ஊர் கூடியது. ஹைகோர்ட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. முறை அவர் கூட்டத்துடையது என்பதால் மனுவில் லோகநாதன் பெயர் வைத்தார்கள். அவர் பேச மாட்டார் என்பதால் கூடவே கங்கம்மாளும் பட்டணம் போனாள்.

வக்கீல் ஆதிநாராயணன் திருவாலங்காட்டுக்காரர். நெல்லும் மோரும் கண்ட வீட்டுப் பிள்ளை, சுத்த சைவம். நல்ல மனிதர். கங்கம்மாள் மரியாதைக்கு ஒரு கூடை இறாலைக் கொண்டுபோய் அவர் மேஜைக்குப் பக்கத்தில் இறக்க, அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்த அழகை அவள் ஊர் முழுக்க நடித்துக் காட்டினாள். ஆனாலும் அவர் ரிட் மனு போட்டு, புரட்டாசிக்குள் தடை உத்தரவு வாங்கிவிட்டார். வழக்கு முடியும்வரை ஏலக்காரர் வலை போடக் கூடாது, ஊர்க்காரர்கள் வழக்கம்போல் போடலாம் என்று உத்தரவு.

"போய் நிம்மதியா மீன் பிடிங்க" என்று சொல்லி அனுப்பினார்.

இருவரும் சிரித்துக்கொண்டே ஊர் வந்தார்கள். அன்று சாயங்காலம் நாட்டார் அருணகிரி பஞ்சாயத்தைக் கூட்டினார். ஊரில் தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான்.

"கோர்ட்டுல கேசு நின்னுக்கினு கீது. நம்ம ஊர்ல ஒரு தண்ணி மேல வழக்கு நின்னா இன்னா செய்வோம்? தீர்ப்பு வர்ற வரிக்கும் ரெண்டு கட்சியும் வல எறக்கறதில்ல. பட்டணத்துக் கோர்ட்டுன்னா மட்டும் வேற நாயமா?"

"வேற நாயமில்ல" என்றார்கள் எல்லோரும்.

கங்கம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நாட்டாரே! கோர்ட்டே போடலாம்னு சொல்லிடுச்சு!"

"சொல்லிச்சு. தீர்ப்பு சொல்லிச்சா?"

"இல்ல, ஆனா..."

"அப்ப வழக்கு நிக்குதும்மா. வழக்கு நிக்கச்சொல்ல வல போட்டா, நானே நீதிபதின்னு நீயே சொல்லிக்கினா மாதிரி."

மறுநாள் வடமுனை நடுவில் நிற்கும் கம்பில் ஒரு வேப்பிலைக் கொத்தைக் கட்டினார்கள். கங்கம்மாள் இந்த ஊருக்கு வந்த பிறகு அப்படிக் கட்டி அவள் பார்த்ததில்லை. அருணகிரி விதிகளைச் சொன்னார். இலை இருக்கும்வரை எவன் வலையும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இலை காய்ந்து உதிர்ந்துவிட்டால், வழக்கில் யாருக்கும் அக்கறை இல்லை என்று அர்த்தம், யார் வேண்டுமானாலும் போடலாம். தீர்ப்பு வந்ததும் ஜெயித்தவர் தன் முதல் கூடையைத் தோற்றவருக்குக் கொடுத்துப் பகையைத் தீர்க்க வேண்டும்.

"ஜெயிச்சா அத்தப் பாத்துக்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டுக் கங்கம்மாள் வீட்டுக்கு வந்து பானையை ‘டங்’கென்று வைத்தாள்.

இதை வக்கீலுக்கு யாரும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. வழக்கு நிற்கும் தண்ணீரில் வலை போட மாட்டார்கள் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். தன் கட்சிக்காரர்கள் ஜோராக இறால் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

ஐப்பசி வந்தது. மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து ஏரி பொங்கியது. கரையிலிருந்து பார்த்தால் வடமுனையில் இறால் துள்ளுவது வெயிலில் மினுமினுக்கும். கங்கம்மாள் கெளுத்தியும் நண்டும் சுமந்துகொண்டு பஸ்ஸுக்கு நடக்கும்போது அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போகப் பழகினாள். முடியவில்லை. கழுத்து தானாகத் திரும்பும். அந்த வேப்பிலை எப்போது காயும் என்பதே அவள் கவலை. "நல்லா வெயில் அடிடா சூரியா" என்று வேண்டிக்கொள்வாள். இலை காயவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எப்போதும் பச்சை. அருணகிரிதான் போய் மாற்றிவிட்டு வருகிறார் என்று நினைத்து, அவர் வம்சத்தையே வாய்க்குள் திட்டித் தீர்த்தாள்.

புருஷனிடமும் சண்டை போட்டுப் பார்த்தாள்.

"யோவ், வக்கீலு போடுன்றாரு. கோர்ட்டு போடுன்னுது. நீ மட்டும் இன்னாய்யா புடிச்சு வெச்ச புள்ளையாரு மாதிரி குந்திக்கினு கீற?"

"ஊரு சொல்லிடுச்சே கங்கா."

"ஊரு சோறு போடுதா?"

லோகநாதன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அவ்வளவுதான் அவர் பதில்.

ஒரு பருவம் போயிற்று. வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. இரண்டாம் பருவமும் வந்தது, இறால் துள்ளியது, துள்ளி ஓய்ந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இந்த இரண்டு வருஷமும் கங்கம்மாள் வாடிப்போய் மூலையில் உட்காரவில்லை. கூடை ஏறியது, சிரிப்பும் ஏறியது. சண்டை போட்ட இரவு கழிந்து விடிந்தால் புருஷனுக்கு ஆப்பம் வாங்கி வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவாள். மனசுக்குள் மட்டும் ஒரு முள்.

எழுபத்தாறாம் வருஷக் கடைசியில் டீக்கடை ரேடியோ அரசியல் சட்டத் திருத்தம் என்று சொல்லத் தொடங்கியது. நாற்பத்திரண்டாவது திருத்தமாம். நீதித்துறையைச் சீர்திருத்துகிறார்களாம். எமர்ஜென்சி நேரம். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் காதால் கேட்டார்கள், வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கங்கம்மாளுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. "கோர்ட்ட திருத்தறாங்களா? திருத்தட்டும், நல்லதுதான. நம்ம கேசு சீக்கிரம் முடியும்" என்றாள்.

முடிந்தது. மாசி பிறந்ததும் அவளும் லோகநாதனும் பட்டணம் போனார்கள். ஆதிநாராயணன் வழக்கமாக நாஷ்டா சாப்பிட்டீர்களா என்று கேட்பவர். அன்று கேட்கவில்லை.

"உங்க கேஸ் இல்லம்மா" என்றார்.

"தோத்துட்டமா சார்?"

"தோக்கல. ஜெயிக்கவும் இல்ல. செத்துப் போச்சு."

அவர் பொறுமையாக விளக்கினார். புதிய திருத்தம் ஹைகோர்ட்டின் அதிகாரத்தைக் குறைத்துவிட்டது. வேறு ஓர் அதிகாரியிடம் முறையிட வழி இருக்குமானால் இனி இந்த மாதிரி மனுவோடு ஹைகோர்ட்டுக்கு வர முடியாது. அதுவும் போகட்டும், ஏற்கெனவே நிலுவையில் இருந்த அப்படிப்பட்ட மனுக்களும் பிப்ரவரி ஒன்றாம் தேதியோடு தாமாகவே இல்லாமல் போயின. தடை உத்தரவும் கூடவே போயிற்று. ஏலத்தை எதிர்த்து ரெவின்யூ அதிகாரியிடம் முறையிட விதி இருக்கிறது. அங்கேதான் மனுப் போட வேண்டும், அவர் விசாரிக்க வருவார்.

"நாயம் கேக்க வந்த கேச, கேக்காமலே சாவடிச்சுட்டாங்களா?" என்றாள் கங்கம்மாள். "நாட்டுக்கே சட்டம் எழுதறவங்க, நடுவுல நிக்கிற வழக்க இன்னா பண்றதுன்னு ஒரு வார்த்த யோசிக்க மாட்டாங்களா சார்?"

"மெதுவாப் பேசும்மா" என்று அவர் கதவைப் பார்த்துக்கொண்டார். பிறகு அவளைத் தேற்றுகிற மாதிரி, "ஒண்ணும் பயமில்ல. ரெண்டு சீசன் தடை உத்தரவோட நீங்கதான் மீன் பிடிச்சிருக்கீங்க. தண்ணி உங்க கையிலதான் இருக்கு. அதைச் சொன்னாலே போதும்" என்றார்.

கங்கம்மாள் புருஷனைப் பார்த்தாள். லோகநாதன் தரையைப் பார்த்தார்.

"வல போடலீங்க" என்றார் லோகநாதன்.

"என்னது?"

"வழக்கு நிக்குதுங்களே. எப்படிப் போடறது?"

ஆதிநாராயணன் தலையில் அடித்துக்கொண்டார். உண்மையாகவே, இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார். "நான் தடை வாங்கினது எதுக்குய்யா? நீங்க பிடிக்கறதுக்குத்தானே! இனிமே அந்தப் பூவராகவன் சொல்லுவான், இவங்களுக்கு அங்க வழக்கமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, ரெண்டு வருஷமா எட்டிக்கூடப் பாக்கலன்னு. நான் என்ன பதில் சொல்றது?"

திரும்பும் ரயிலில் கங்கம்மாள் பொன்னேரி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதைத் தாங்க முடியாமல் லோகநாதன் இரண்டு முறை வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை.

ஊரில் மறுபடி பஞ்சாயத்து. கேசுதான் செத்துவிட்டதே, வேப்பிலையை அவிழ்த்துவிட்டு அதிகாரி வருவதற்குள் வலையை இறக்குங்கள் என்று கங்கம்மாள் மன்றாடினாள். அருணகிரி அசையவில்லை.

"தீர்ப்பு வந்துச்சா? வரல. ஒரு வாசல்ல இருந்து இன்னொரு வாசலுக்குப் போயி கீது, அவ்ளோதான். வழக்கு நிக்குது."

அதற்கப்புறம்தான் அவள் அந்தக் காரியத்துக்குத் துணிந்தாள். மறுநாள் பட்டப்பகலில், ஆண்கள் எல்லாம் தெற்கே போயிருந்த நேரம், கறி நறுக்கும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு சின்னத் தோணியில் ஏறினாள். ஏரி அங்கே இடுப்பளவுதான். கழியை ஊன்றி ஊன்றி வடமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். இலையை அறுத்துப் போட்டுவிட்டால் காய்ந்து விழுந்தது என்று ஆகிவிடும். அப்புறம் இந்த மனிதர் எப்படி வலை போடாமல் இருக்கிறார் பார்க்கலாம்.

கம்பு கிட்டத்தில் வந்தது. கத்தியை எடுத்தாள். கொத்து பச்சைப்பசேல் என்று இருந்தது, நேற்று ஒடித்த மாதிரி. கீழே தண்ணீர் மட்டத்தில் கம்போடு பழைய காம்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கொத்தைக் கட்டியிருந்த துணியில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நீலக் கரை, அதில் மஞ்சள் புள்ளி. அவளுடைய பழைய புடவை. எங்கே போயிற்று என்று வீடெல்லாம் தேடி, பக்கத்து வீட்டு முத்தம்மாவைச் சந்தேகப்பட்டு, அவளோடு ஒரு வாரம் பேசாமல்கூட இருந்திருந்தாள்.

அருணகிரி இல்லை. இந்த மனுஷன்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வேப்பங்கிளை ஒடித்துக்கொண்டு போவாரே, ஆட்டுக்கு என்று அவள் நினைத்திருந்தாள். ஒரே ஒரு வாரம் மறந்து தொலைத்திருந்தால் போதும். இலை காய்ந்திருக்கும், தண்ணீர் திறந்திருக்கும், ஊரில் ஒரு நாக்கு அவரைக் குறை சொல்லியிருக்காது. வீட்டில் பெண்டாட்டியின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, தன் முறையைத் தானே தன் கையால் வாராவாரம் கட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

கங்கம்மாள் தோணியில் உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் பாதி, பெருமையில் பாதி. இப்படி ஒரு மனுஷனுக்கா நம்மைக் கட்டிக் கொடுத்தார்கள் என்று இரண்டு அர்த்தத்திலும் நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஒரு மடவை மீன் துள்ளி அவள் மேல் தண்ணீர் தெறித்தது. "சும்மா இரு சனியனே" என்று அதையும் திட்டிவிட்டுக் கத்தியை இடுப்பில் செருகினாள். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவளே ஒரு வேப்பங்கிளையை ஒடித்து வாசலில் வைத்திருந்தாள். லோகநாதன் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார்.

வைகாசியில் ரெவின்யூ அதிகாரி நேரிலேயே விசாரிக்க வந்தார். கரையில் பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். ஒரு பக்கம் பூவராகவன், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. இன்னொரு பக்கம் ஊர். ஆதிநாராயணன் காலையிலேயே வந்து இருவரையும் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நீங்களா ஒண்ணும் சொல்லாதீங்க. முக்கியமா நீம்மா."

அதிகாரி லோகநாதனைத்தான் முதலில் கேட்டார். "ரெண்டு வருஷமா நீங்க யாரும் அங்க மீன் பிடிக்கலன்னு ஏலக்காரர் சொல்றார். உண்மையா?"

"உண்மைதாங்க."

ஆதிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஹைகோர்ட் நீங்க பிடிக்கலாம்னுதானே சொல்லியிருந்தது? ஏன் பிடிக்கல?"

லோகநாதன் வாயைத் திறந்தார். "வழக்கு நின்னுக்கினு இருந்துச்சுங்க" என்றார். அதற்கு மேல் வரவில்லை. அதிகாரிக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பூவராகவன் துண்டைச் சரி செய்துகொண்டார்.

கங்கம்மாளால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, நான் சொல்றேன். இந்த மனுசனுக்கு வல வீசத் தெரியும், வார்த்த வீசத் தெரியாது."

"அம்மா..." என்றார் வக்கீல்.

"இருங்க சார். ஐயா, அந்தத் தண்ணி எங்க ஊட்டுக்கு வரணும்னு கண்ணாலம் ஆன நாள்ல இருந்து காத்துக்கினு கீறேன். வந்துச்சு. எறா துள்றத இங்க நின்னே பாக்கலாம். போடுய்யா போடுய்யான்னு ஊரே கேக்க இவர்கிட்ட சண்ட போட்டேன். வக்கீலய்யா போடுன்னாரு. பெரிய கோர்ட்டே போடுன்னுச்சு. இவரு போடல. ஊர்ல ஒருத்தனும் போடல. ஏன்? தோ, அந்தக் கம்புல வேப்பில கட்டி கீது பாருங்க. தீர்ப்பு வர்ற வரிக்கும் கை வெக்கக் கூடாதுன்றது எங்க சட்டம். அத்த இவரே வாராவாரம் பச்சையா மாத்திக்கினு கீறாரு. எங்களுக்கு அங்க வழக்கமே இல்லன்றாரே அவரு, வழக்கம் இல்லாதவன் எவனாவது துள்ற எறாவ பாத்துக்கினு ரெண்டு வருசம் கையக் கட்டிக்கினு குந்தியிருப்பானா?"

மூச்சு வாங்கியது அவளுக்கு. சொல்லி முடித்த பிறகுதான், இரண்டு வருஷமாகத் தான் திட்டிய வேப்பிலைக்காகத் தானே வாதாடிவிட்டோம் என்று உறைத்தது. லோகநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி சற்று நேரம் அந்தக் கம்பைப் பார்த்தார். பிறகு பூவராகவன் பக்கம் திரும்பினார்.

"தடை பிப்ரவரியிலேயே போயிடுச்சே. அப்புறம் நீங்க ஏன் வலை போடல?"

பூவராகவன் வியாபாரியே தவிரப் பொய்யர் இல்லை. தலையைச் சொறிந்தார். "ஆளு வரல சார்."

"இந்த ஊர் ஆளுங்க வர மாட்டாங்கதான். வெளியூர் ஆளுங்க?"

"அந்தப் பேஜார ஏன் கேக்கறீங்க சார். பக்கத்துக் குப்பம் எல்லாம் கேட்டுட்டேன். ஆந்திராப் பக்கம் போயிகூட ஆளு கூட்டியாந்தேன். படகுல ஏறினான், கம்பு வரிக்கும் போனான், இலையப் பாத்தான், திரும்பிட்டான். எம்மா டப்பு குடுத்தாலும் அந்தத் தண்ணில எறங்க மாட்டேன் நைனான்றான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூவராகவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். ஆதிநாராயணன் கண்ணைத் திறந்தார்.

ஆவணியில் உத்தரவு வந்தது. வடமுனையில் ஊர் வழக்கம் உயிரோடு இருக்கிறது, ஏரிக்கரை முழுவதும் அதற்குக் கட்டுப்படுகிறது, எனவே ஏலம் ரத்து.

இனிமேல்தான் கங்கம்மாளுக்கு உண்மையான சிக்கல். தண்ணீர் ஊருக்குத் திரும்பிவிட்டது, சரி. முறை யாருடையது? அவர்களுக்கு விழுந்த வருஷம் எப்போதோ ஓடிப்போய்விட்டது. பஞ்சாயத்தில் இன்னொரு கூட்டத்துத் தலைவர் சேகர் எழுந்து கேட்டே விட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. அவங்க வருசம் முடிஞ்சுபோச்சு. சீட்டு புதுசா போடறதுதான் மொற."

அவர் கேட்டதிலும் தப்பில்லை. கங்கம்மாள் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள்.

அருணகிரி லோகநாதனைக் கேட்டார். "இல எப்பனா காஞ்சுதா?"

"இல்ல நாட்டாரே."

"ஒரு வாரம்?"

"இல்ல."

"அப்ப வருசம் நவுரவே இல்ல" என்றார் அருணகிரி. "இல பச்சையா கீற வரிக்கும் அந்தத் தண்ணிக்கு நாளு ஓடாது. காய உட்டிருந்தா ஓடியிருக்கும். அவன் உடல. எந்த எடத்துல நின்னுதோ அந்த எடத்துல இருந்து தொடங்கட்டும்."

"அப்படின்னா சரி" என்று சேகர் உட்கார்ந்துவிட்டார். கங்கம்மாள் அங்கேயே புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் பார்க்கிறதே என்று லோகநாதன் நெளிந்தார். பார்க்கட்டும் என்று அவள் விடவில்லை.

நாட்டின் சட்டமும் பிற்பாடு திருந்தியது. அடுத்தடுத்து வந்த திருத்தங்கள் முந்தைய திருத்தத்தைத் திருத்தின, ஹைகோர்ட்டுக்குப் பழைய அதிகாரம் திரும்பியது. எழுபத்தொன்பதில் அந்தச் செய்தியை ஆதிநாராயணன் சொன்னபோது கங்கம்மாள் அவரையே கேட்டாள்: "நடுவுல செத்துப்போன கேசெல்லாம் உசுரோட வந்துடுமா சார்?" அவர் இல்லையென்று தலையாட்டினார். "எங்க ஊர்ல இல மாத்த ஒரு ஆளு இருந்தாரு. உங்க ஊர்ல யாரும் இல்லாம பூட்டாங்களே" என்றாள். அவரைக் குத்திக் காட்ட அல்ல, வருத்தமாகத்தான் சொன்னாள். வக்கீலுக்கும் அது புரிந்தது.

அதற்கு முன்னால், எழுபத்தேழு ஐப்பசியில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்று விடியற்காலை லோகநாதன் கம்பிலிருந்து வேப்பிலையை அவிழ்த்தார். நீலக் கரைத் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வலை இறங்கியது. வெயில் ஏறும் நேரம் படகு கரைக்கு வந்தபோது இறால் தளும்பிக்கொண்டிருந்தது. முதல் கூடையை நிரப்பி அவள் முன்னால் வைத்தார்.

"கங்கா, மொத கூட..." என்று இழுத்தார்.

"தெரியும்யா. மறந்துட்டேன்னு நெனச்சியா?"

வாழ்க்கைப்பட்ட நாள் முதல் காத்திருந்த கூடை. தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் முகத்தில் வழிய வழிய ஊர் நடுவே நடந்தாள். மாமியார் சொன்னபடியே வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அவள் வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை, நிற்கவும் இல்லை. நேரே பஸ்ஸுக்குப் போனாள். பொன்னேரியில் மாறி, ஆரணியில் இறங்கி, பூவராகவன் கடை வாசலில் கூடையை இறக்கினாள்.

அவர் பதறி எழுந்தார். "இன்னாம்மா இது?"

"மொத கூட. ஜெயிச்சவங்க தோத்தவங்களுக்குக் குடுக்கணும். இனிமே உனுக்கும் எங்களுக்கும் பக இல்ல."

பூவராகவன் கூடையைப் பார்த்தார். நல்ல இறால், விரல் நீளம். வியாபாரிக்குத் தெரியாதா? பிறகு உள்ளே திரும்பி, "ஏய், அம்மாவுக்கு உக்கார நாற்காலி போடு" என்று குரல் கொடுத்தார். அவளிடம், "நாளைலருந்து வேன் உங்க கரைக்கே வரும். நீ வெச்சதுதான் வெல" என்றார்.

வெறுங்கூடையோடு சாயங்காலப் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் வழக்கம்போல் கத்த வாயெடுத்து, கூடை காலியாக இருப்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"இன்னா கங்கம்மா, சரக்கு எல்லாம் வித்துட்டியா?"

"விக்கல. தீர்ப்பக் குடுத்துட்டு வரேன்" என்றாள் அவள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.